படியில் விழவில்லை

"வாயத் தொறம்மா" என்றேன்.

"தொறந்துதாம்பா இருக்கேன்" என்றாள்.

என் மகள் தவமணிக்கு அப்போது எட்டு வயது. ஹாலிஎலயில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் அடுப்படியில், ரொட்டியைப் பிய்த்துச் சம்பலில் தொட்டு அவளுக்கு ஊட்டிக்கொண்டிருந்தேன். காய்ச்சலில் படுத்து எழுந்தவள் என்பதால் அந்தச் சலுகை. ரொட்டித் துண்டு பல்லில் இடித்து நின்றது. உதடுகள் அகலமாக விரிந்திருந்தன. பற்கள் விரியவில்லை. மேல்வரிசைக்கும் கீழ்வரிசைக்கும் நடுவே என் சுண்டுவிரல் நுழையும் அளவுக்குத்தான் இடைவெளி இருந்தது.

காய்ச்சலின் மிச்சமாக இருக்கும் என்று என் மனைவி சரஸ்வதி சொன்னாள். இருக்கும் என்று நானும் சொன்னேன். ஆனால் எனக்குக் காரணம் அந்த நிமிடமே தெரிந்துவிட்டது. ரொட்டியை இன்னும் சிறிதாகப் பிய்த்தேன்.

தாடை மூட்டு இறுகிப்போன பிள்ளைகளை வைத்திருக்கும் பெற்றோர் சிலர் இதை வாசிக்கக்கூடும். அவர்களுக்காக எழுதுகிறேன். மருத்துவம் பற்றிச் சொல்லவேண்டியதைச் சொல்வேன். ஆனால் அதற்கு முன்னால் இந்த நோய் எங்கள் வீட்டுக்குள் எப்படி வந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். அதைச் சொல்லாமல் இருந்ததுதான் ஏழு ஆண்டுகளாக நான் செய்த தவறு.

எனக்குப் பதுளையில் வேலை. கடைவீதியில் ஒரு துணிக்கடையின் மேல்மாடியில் எங்கள் காரியாலயம். தேயிலைத் தோட்டங்களில் வேலைசெய்யும் கிளாக்கர்களும் கணக்கப்பிள்ளைகளும் மாதாமாதம் சம்பளத்தில் கொஞ்சம் கட்டிவரும் வைத்திய உதவி நிதி அது. காரியாலயத்தில் வேலைபார்க்கும் நாங்களும் அதில் சேர்ந்திருந்தோம். அங்கத்தவரோ அவர் குடும்பத்தாரோ வைத்தியம் செய்துகொண்டால் பில் எங்களுக்கு வரும். பில்லை வாசித்து, நோய் இன்னது என்று புரிந்துகொண்டு, ஒரு தடித்த ஆங்கிலப் புத்தகத்தைப் பார்த்து அதற்குரிய எண்ணை ஓரத்தில் எழுதவேண்டும். அந்த எண்ணை வைத்துத்தான் பணம் உண்டா இல்லையா என்று மேலே தீர்மானிப்பார்கள். அந்த எண்ணை எழுதுபவன் நான்.

நோய்க்கு ஓர் எண் போதும். காயத்துக்கு மட்டும் இரண்டு. உடம்புக்கு என்ன ஆனது என்பதற்கு ஒன்று, எப்படி ஆனது என்பதற்கு ஒன்று. வழுக்கி விழுந்தால் ஓர் எண், மாடு முட்டினால் ஓர் எண், இன்னொரு மனிதன் அடித்தால் அதற்கும் ஓர் எண். விழுந்த காயத்துக்கு எங்கள் நிதி பணம் கொடுக்கும். வீட்டு ஆள் அடித்த காயத்துக்குக் கொடுக்காது.

தவமணிக்கு ஆறு வயதாக இருந்தபோது, மழை விடாத ஒரு ஞாயிற்றுக்கிழமை. சரஸ்வதி நமுனுகுலயில் தோட்டத்தில் இருந்த தன் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தாள். அண்ணன் மகளுக்குச் சடங்கு. நான் போகவில்லை. அதற்கு முந்திய வெள்ளிக்கிழமை இரண்டு பில்களில் எண்ணைத் தவறாகப் போட்டுவிட்டேன் என்று தலைமைக் கிளாக்கர் எல்லோர் முன்னிலையிலும் என்னைத் திட்டியிருந்தார். அதனால் மாதக்கடைசி பில் கட்டையும் புத்தகத்தையும் வீட்டுக்கே கொண்டுவந்து வேலைசெய்துகொண்டிருந்தேன்.

தேத்தண்ணீர் ஊற்றிக் குடிக்க எழுந்துபோனேன். திரும்பி வந்தபோது பிள்ளை என் சிவப்புப் பென்சிலை எடுத்து ஏழெட்டுப் பில்களின் பின்பக்கத்தில் கோழி வரைந்துவைத்திருந்தாள். "வை கீழ" என்று கத்தினேன். அவள் சிரித்துக்கொண்டே இன்னொரு கோழிக்கு வால் போட்டாள். மேசையில் இருந்த புத்தகம் எப்படி என் கைக்கு வந்தது என்று தெரியவில்லை என்று பல ஆண்டுகள் எனக்கு நானே சொல்லிவந்தேன். அது பொய். எடுத்தது எனக்குத் தெரியும். ஓங்கியதும் தெரியும். தடித்த அட்டையின் முதுகு அவளுடைய இடது காதுக்கு முன்னால் பட்டது.

அவள் உடனே அழவில்லை. கையால் காதைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள். பிறகுதான் அழுதாள். அழும்போது வாய் ஒரு பக்கமாகக் கோணியது.

பதுளை ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கவேண்டும். அங்கே பில் போடுகிறவர்களுக்கு என்னை நன்றாகத் தெரியும். அதனால் போகவில்லை. பக்கத்துத் தோட்டத்து மருந்துச்சாலைக்கு அவளைத் தோளில் போட்டுக்கொண்டு, குடையைப் பிடித்தபடி மேட்டில் ஏறினேன். பாதி வழியில் ஒரு கடை. அங்கே நின்று ஒரு டொபி மிட்டாய் வாங்கிக் கொடுத்தேன்.

"படியில விழுந்துட்டேன்னு சொல்லணும், என்ன? அப்பா மேல தப்பில்லதானே? நீதானே கோடு போட்ட?"

அவள் தலையாட்டினாள். டொபியை மெல்ல முடியாமல் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டாள். எச்சில் என் சட்டைக் கழுத்தில் ஒழுகியது.

டிஸ்பென்சர் (தோட்டத்தில் மருந்து கொடுப்பவர்) வீக்கத்தைத் தொட்டுப் பார்த்து, "எப்படிம்மா ஆச்சு?" என்று அவளைத்தான் கேட்டார். அவள் என்னைப் பார்த்துவிட்டு, "படியில விழுந்துட்டேன்" என்றாள். அவர் அதை மருந்துத் துண்டில் எழுதினார். குளிர்ந்த துணி ஒத்தடமும் வலிக்கு மாத்திரையும் தந்தார். நமுனுகுலயிலிருந்து திரும்பிய சரஸ்வதிக்கும் பிள்ளை அதையே சொன்னாள். இரண்டு வாரத்தில் வீக்கம் வடிந்தது. துண்டு அடுத்த மாதம் என் மேசைக்கே வந்தது. முகத்தில் காயம் என்று ஓர் எண்ணும், படியில் விழுந்தது என்று ஓர் எண்ணும் எழுதினேன்.

அந்த ரொட்டிக் காலைக்குப் பிறகு வாய் ஆண்டுக்கு ஆண்டு குறுகியது. ஒன்பது வயதில் கரண்டி நுழையவில்லை. பதினொன்றில் பல்லோடு பல் ஒட்டிவிட்டது. கடைவாய்ப் பல் ஒன்று சொத்தையாகி விழுந்த இடத்தில் இருந்த சந்து வழியாகக் கஞ்சியையும் பாலில் ஊறிய பாண் துண்டுகளையும் விரலால் தள்ளித் தின்றாள். பிள்ளைகள் எல்லோரும் ஓடி விளையாடிவிட்டு மத்தியானம் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கும்போது, இவள் சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிடுவாளாம். அவளுடைய வகுப்பாசிரியை சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

உட்புறம் பல் விளக்க முடியாது. வாயிலிருந்து நாற்றம் வந்தது. பள்ளியில் அவளைப் பூட்டுவாய் என்று கூப்பிட்டார்கள். கீழ்த்தாடை வளராமல் பின்வாங்கி, முகவாய் இடப்பக்கமாகக் கோணியது. கல்யாண வீடுகளுக்கு அவளை நான் கூட்டிப்போகவில்லை. பிள்ளைக்குச் சங்கடமாக இருக்கும் என்று சரஸ்வதியிடம் சொன்னேன். சங்கடம் எனக்குத்தான்.

வைத்தியர்களிடம் கொண்டுபோகாமல் இல்லை. பல் வைத்தியர், காது வைத்தியர், பண்டாரவளையில் ஒரு நாட்டு வைத்தியர் என்று அலைந்தோம். எண்ணெய் பூசினார்கள். ஒருவர் மரக்கட்டையைச் செருகித் திறக்கப் பார்த்ததில் முன்பல் ஒன்று உடைந்தது. எல்லோரும் ஒரு கேள்வி கேட்டார்கள். "எப்படி ஆச்சு?" ஒவ்வொரு முறையும் நான் வாயைத் திறக்கும் முன்பே, பற்களுக்கு நடுவிலிருந்து அவள் சொல்லிவிடுவாள்.

"படியில விழுந்துட்டேன்."

நான் இரண்டாம் முறை சொல்லிக்கொடுக்கவேண்டி வரவே இல்லை.

அவளுக்குப் பதின்மூன்று வயதானபோது, தாடைச் சத்திரசிகிச்சை படித்த யாழ்ப்பாணத்து வைத்தியர் ஒருவர் பதுளைக்கு மாற்றலாகி வந்திருப்பதாகக் காரியாலயத்தில் பேசிக்கொண்டார்கள். கொண்டுபோய்க் காட்டினோம். மெலிந்த மனிதர். அதிகம் பேசமாட்டார். தவமணியின் இரண்டு காதுக்கும் முன்னால் விரலை வைத்து, "திற... மூடு..." என்று பலமுறை சொல்லிப் பார்த்தார். எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார்.

"மூட்டு ஒட்டிப்போச்சுது" என்றார். (அசையவேண்டிய இரண்டு எலும்புகளுக்கு நடுவில் புது எலும்பு வளர்ந்து இரண்டையும் ஒன்றாக்கிவிடுவது. சிறு வயதில் மூட்டில் பலமாக அடிபட்டாலோ, காதில் சீழ் பிடித்து உள்ளே பரவினாலோ வரலாம்.) ஒட்டிய எலும்பை வெட்டி எடுத்து, நடுவில் இடைவெளி உண்டாக்கி, மறுபடி ஒட்டாமலிருக்க அந்த இடைவெளியில் தசையை வைத்துத் தைக்கவேண்டும். அதுதான் சத்திரசிகிச்சை.

எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். இடது மூட்டு இருந்த இடத்தில் ஒரு வெள்ளைக் கட்டி. வலது பக்கம் படம் தெளிவில்லை. வேறு எலும்பின் நிழல் மேலே விழுந்திருந்தது.

"இடது நிச்சயம். வலதுதான் சந்தேகமாக் கிடக்கு" என்றவர் தவமணியிடம் திரும்பினார். "எப்பிடியம்மா நடந்தது?"

"படியில விழுந்துட்டேன்."

"எதிலை அடிபட்டது? நாடியிலையோ, கன்னத்திலையோ?"

அவளுக்கு நான் சொல்லிக்கொடுத்தது ஒரு வாக்கியம்தான். என்னைப் பார்த்தாள்.

"நாடியிலதாங்க டொக்டர்" என்றேன் நான்.

படியில் விழுகிற பிள்ளைக்கு நாடிதான் (முகவாய்) அடிபடும். ஆயிரம் பில் பார்த்தவனுக்கு அது தெரியாதா? பொய்க்குப் பொருத்தமான இன்னொரு பொய்யை யோசிக்காமலே எடுத்துக் கொடுத்தேன். வைத்தியர் ஒரு முஷ்டியை மேலே பிடித்து, மற்றக் கையால் அதன் அடியில் இடித்துக் காட்டினார். நாடியில் விழுந்தால் இடி இரண்டு பக்க மூட்டுக்கும் ஏறும். அதனால் வலது பக்கமும் பாதியாவது ஒட்டியிருக்கக்கூடும்.

"அப்ப ரெண்டு பக்கமும் திறக்கிறதுதான் புத்தி. ஒண்டை விட்டிட்டுத் திரும்பத் திறக்கேலாது" என்றார்.

காசு கட்டும் வார்டில் கட்டில் கொடுத்தார்கள். இரண்டு நாள் இரத்தம், சிறுநீர் எல்லாம் பார்த்தார்கள். மயக்கம் கொடுப்பவர் வந்து விளக்கினார். வாய் திறக்காத பிள்ளைக்கு மூச்சுக்குழாயை மூக்கு வழியாகத்தான் செலுத்தவேண்டும், அதுவும் அரைகுறை விழிப்பில் செலுத்தவேண்டும், பிள்ளை திமிறினால் ஆபத்து என்றார். தவமணி கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "நான் ஆட மாட்டேங்க" என்றாள்.

அந்த இரண்டு நாளும் என்னிடம் சொல்ல நேரம் இருந்தது. வைத்தியர் காலையும் மாலையும் கட்டிலருகே வந்தார். ஒருமுறை என் தோளில் கை வைத்து, "யோசிக்காதேங்கோ" என்று கூடச் சொன்னார். நான் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் காலை தாதி ஒரு படிவத்தைக் கொண்டுவந்தாள். சத்திரசிகிச்சைக்கு நான் சம்மதித்துக் கையெழுத்திடவேண்டும். வாசித்தேன். படிவம் வாசிப்பதுதானே என் தொழில். பெயர், வயது, தகப்பன் பெயர். அதற்குக் கீழே தட்டச்சில்: இடது, வலது தாடை மூட்டுகள் இரண்டும்.

வலது என்ற சொல்லில் என் கண் நின்றது. அந்தப் பக்கத்தை நான் தொட்டதில்லை. அது நல்ல மூட்டு. நான் கையெழுத்திட்டால், காதுக்கு முன்னால் தோலைக் கிழித்து அந்த மூட்டையும் திறந்துவிடுவார்கள்.

"பேனா இல்லீங்களா?" என்று தாதி தன் பேனாவை நீட்டினாள்.

நான் படிவத்தோடு எழுந்து நடந்தேன். தவமணியை ஏற்கனவே தள்ளுவண்டியில் ஏற்றி, சத்திரசிகிச்சை அறைக்கு வெளியே தாழ்வாரத்தில் நிறுத்தியிருந்தார்கள். சரஸ்வதி அவள் தலைமாட்டில் நின்று பின்னலை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். வைத்தியர் கைகழுவ உள்ளே போய்க்கொண்டிருந்தார்.

"டொக்டர், வலது பக்கம் வேணாங்க."

நின்றார். "ஏன்?"

"புள்ள விழலீங்க. நான் அடிச்சேன். புத்தகத்தால. இந்தப் பக்கம் மட்டுந்தாங்க." என் கன்னத்தில் கை வைத்துக் காட்டினேன். "நாடியில அடிபடவே இல்லீங்க. நான் பொய் சொன்னேன்."

தாழ்வாரத்தில் பெஞ்சியில் உட்கார்ந்திருந்த வேறு நோயாளிகளின் சொந்தக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சரஸ்வதியின் கை பின்னலில் அப்படியே நின்றது. தவமணி மட்டும் திரும்பவில்லை. கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தாள்.

வைத்தியர் படிவத்தை என் கையிலிருந்து வாங்கினார். "இதை முந்தாநாள் சொல்லியிருக்கவேணும்."

"ஆமாங்க."

"என்னத்தாலை அடிச்சனீங்கள், ஏன் அடிச்சனீங்கள் எண்டது உங்கட வீட்டுக் கதை. எனக்குத் தேவை எந்தப் பக்கம் எண்டதுதான்." பேனாவை எடுத்து, வலது என்ற சொல்லை வெட்டி, பக்கத்தில் கையெழுத்து வைத்தார். "முதல் இடது பக்கத்தைத் திறக்கிறன். அதோடை வாய் வந்திட்டால் மற்றப் பக்கத்தைத் தொடமாட்டன்."

கையெழுத்திட்டேன். வண்டியைத் தள்ளிப்போனார்கள். சரஸ்வதி அவிழ்த்த ரிப்பனை விரலில் சுற்றிக்கொண்டு நின்றாள். பெஞ்சியின் மறுமுனையில் போய் உட்கார்ந்தாள். நான் நின்றுகொண்டே இருந்தேன்.

நாலரை மணி நேரம் ஆனது. வெளியே வந்த வைத்தியர் தன் நடுவிரலையும் ஆட்காட்டி விரலையும் சேர்த்து உயர்த்திக் காட்டினார். மேசையில் வைத்தே வாய் அவ்வளவு திறந்ததாம். வலது மூட்டு சரியாக அசைந்ததாம். "அதுக்கு ஒண்டுமில்லை. ஏழு வருஷம் வேலையில்லாமல் கிடந்தது, அவ்வளவுதான்" என்றார்.

பிள்ளையைப் பார்க்க விட்டபோது தலையைச் சுற்றிக் கட்டு. இடது கண் முழுதாக மூடவில்லை. (காதுக்கு முன்னால் முகநரம்பு ஓடுகிறது. புருவத்தையும் கண்ணிமையையும் அசைப்பது அது. சத்திரசிகிச்சையில் அது நசுங்கினால் சில வாரங்கள் அந்தப் பக்கம் செயலற்றிருக்கும். அநேகமாகத் திரும்பிவிடும்.) தூங்கும்போதும் அந்தக் கண் பாதி திறந்து என்னைப் பார்ப்பதுபோல இருந்தது. ஈரத்துணியால் மூடிவிடச் சொன்னார்கள். அந்த வேலையை நான் செய்தேன்.

இதை வாசிக்கும் பெற்றோருக்கு ஒன்று சொல்லவேண்டும். கத்தி வேலை முடிந்தால் பாதிதான் முடிந்தது. மிச்சப் பாதி வீட்டில் இருக்கிறது. திறந்த வாயைத் தினமும் பலவந்தமாகத் திறக்காவிட்டால் எலும்பு மறுபடி வளர்ந்து மூடிவிடும். நாக்கை அழுத்திப் பார்க்கும் மெல்லிய மரப்பட்டைகளை ஒரு கட்டாகக் கொடுத்து அனுப்பினார்கள். அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பல்லிடுக்கில் செருகவேண்டும். வலி பழகியதும் நடுவில் இன்னொரு பட்டை. ஒரு நாளைக்கு ஆறு தடவை. குறைந்தது ஓர் ஆண்டு.

முதல் வாரம் சரஸ்வதி செருகினாள். பிள்ளையின் கண்ணில் தண்ணீர் வந்ததும் அவள் கை விட்டுவிடும். "என்னால ஏலாது" என்று எழுந்து போனாள். தாழ்வாரத்தில் நடந்ததற்குப் பிறகு என் காதில் விழ அவள் சொன்ன முதல் வார்த்தை அது. அதையும் சுவரிடம்தான் சொன்னாள். எனக்குச் சோறு போட்டாள், சட்டை துவைத்தாள். நேராக என்னிடம் பேச எட்டு மாதம் ஆனது.

நான் பட்டையை எடுத்துக்கொண்டு பிள்ளையின் முன்னால் உட்கார்ந்தேன். என் கை அவள் முகத்துக்குப் பக்கத்தில் போனதும் அவள் தலை பின்னால் போய்ச் சுவரில் இடித்தது. வேண்டுமென்று செய்யவில்லை. அவளுக்கே தெரியாமல் அது நடந்தது. அப்போதுதான் யோசித்துப் பார்த்தேன். ஏழு ஆண்டாக நான் தலைவாரிவிட வந்தாலும் நெற்றி தொட்டுக் காய்ச்சல் பார்த்தாலும் அவள் இப்படித்தான் செய்துகொண்டிருந்தாள். கூச்ச சுபாவம் என்று நினைத்திருந்தேன்.

"குடுங்க, நானே வச்சிக்கிறேன்" என்று பட்டைகளை வாங்கிக்கொண்டாள்.

அன்றிலிருந்து கண்ணாடி முன் உட்கார்ந்து அவளே செருகிக்கொண்டாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து கடிகாரம் பார்த்தேன். ஐந்து பட்டை, ஆறு பட்டை. எச்சிலும் கண்ணீரும் மடியில் விரித்த துணியில் ஒழுகும். நேரம் முடிந்தது என்று நான் சொன்னதும் உருவி எடுத்து, பட்டைகளைக் கழுவி வெயிலில் வைப்பாள். கண்ணிமை இரண்டு மாதத்தில் மூடத் தொடங்கியது.

பத்துப் பட்டை நுழைந்த ஒரு மாலை அது. நேரம் முடிவதற்குள் உருவி எடுத்து வாயைத் துடைத்துக்கொண்டு, கண்ணாடியைப் பார்த்தபடியே பேசினாள். வார்த்தைகள் இப்போது பல்லில் மோதாமல் வெளியே வந்தன. அந்தக் குரல் எனக்குப் புதிது.

"அடிச்ச வலி அப்பவே போயிருச்சுப்பா. எப்படி வலிச்சதுன்னுகூட நெனவில்ல."

நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.

"விழுந்துட்டேன்னு ஒவ்வொருத்தர்கிட்டயும் சொல்லச் சொல்ல, நான்தான் ஏதோ தப்புப் பண்ணிட்டேன்னே நெனச்சிட்டு இருந்தேன். ஒரு நாளாச்சும் நீங்க சொல்லுவீங்கன்னு பாத்தேன். டொக்டர்கிட்டப் போறப்பெல்லாம் பாப்பேன்."

"மன்னிச்சிரும்மா" என்றேன்.

"மணி ஆச்சா?" என்று கேட்டாள். ஆகிவிட்டது என்றேன்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் எழுதவேண்டும். ஆஸ்பத்திரி பில்லை நிதிக்கு அனுப்பும் நேரம் வந்தது. சொந்த வீட்டு பில்லுக்கு நானே எண் போடக்கூடாது என்று விதி இல்லை. போட்டேன். தாடை மூட்டு ஒட்டிப்போனதற்கு ஓர் எண். எப்படி ஆனது என்ற கட்டத்தில், வேறொருவர் வேண்டுமென்றே அடித்ததற்குரிய எண். எழுதி, ஒப்பமிட்டு, தலைமைக் கிளாக்கரின் மேசையில் வைத்தேன். தைரியசாலி என்று என்னை நானே நினைத்துக்கொண்டேன்.

அவர் கூப்பிட்டு அனுப்பினார். கதவைச் சாத்தச் சொன்னார்.

"என்னாங்க எழுதியிருக்கீங்க? கை தவறிப் போட்டீங்களா?"

"இல்லீங்க சார். அதுதான் சரி."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "இது மேல போச்சுன்னா பில் நிக்கும். அது போகட்டும். பொம்பளப் புள்ள இருக்கு உங்களுக்கு. நாளைக்கு ஒரு சம்பந்தம் பேச வர்றவன் காதுல, தகப்பன் அடிச்சித் தாடைய ஒடச்சான்னு விழணுமா?" சொல்லிக்கொண்டே படிவத்தை இரண்டாகக் கிழித்தார். புதுப் படிவம் ஒன்றை எடுத்து, விழுந்ததற்குரிய எண்ணைத் தானே எழுதி என் பக்கம் தள்ளினார். "ஒப்பத்த வைங்க."

எல்லோர் முன்னிலையிலும் என்னைத் திட்டிய அதே மனிதர். அன்று என் மேல் அவருக்கு உண்மையாகவே இரக்கம் இருந்தது. அதனால்தான் மறுக்க எனக்கு முடியவில்லை என்று சொன்னால் அதுவும் முழு உண்மை ஆகாது. பில் தொகை என் நாலு மாதச் சம்பளம். ஒப்பம் வைத்தேன்.

பணம் வந்தது. கட்டவேண்டியதைக் கட்டினேன். வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அந்தக் காரியாலயத்தின் கோப்பு இப்போது எங்கே இருக்கிறதோ தெரியாது. எங்கே இருந்தாலும் அதில் என் மகள் படியில் விழுந்த பிள்ளை. நான் எழுதும் இந்தத் தாளில் மட்டும்தான் அது மாறியிருக்கிறது.

பிள்ளை வைத்திருப்பவர்களே, சிறு பிள்ளையின் நாடியிலோ காதுக்கு முன்னாலோ பலமாக அடிபட்டால், வீக்கம் வடிந்ததும் மறந்துவிடாதீர்கள். மாதம் ஒருமுறை வாயைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள். அந்தப் பிள்ளையின் மூன்று விரல்கள், ஒன்றின்மேல் ஒன்றாக, பற்களுக்கு நடுவே நுழையவேண்டும். குறைந்துகொண்டே வந்தால் காத்திருக்காதீர்கள். எப்படி அடிபட்டது என்று வைத்தியர் கேட்டால், நடந்ததைச் சொல்லுங்கள். நான் அதைச் சொல்லாததால் என் பிள்ளையின் நல்ல மூட்டையும் திறக்கவிருந்தார்கள். உங்களைத் தண்டிப்பதற்காக அவர் கேட்கவில்லை.

தவமணிக்கு இப்போது பதினெட்டு. வாய் இரண்டரை விரல் அளவு திறக்கிறது. அதற்கு மேல் வராது என்றார்கள், பரவாயில்லை என்றாள். தாடை வளரவேண்டிய வயதில் வளராமல் நின்றதால் முகவாய் சின்னதாகவே இருக்கிறது. பக்கவாட்டில் பார்த்தால் பதினெட்டு வயது நெற்றியும் மூக்கும். அதற்குக் கீழே ஆறு வயதுக் குழந்தையின் நாடி. ஒரு முகத்தில் இரண்டு வயதைச் சேர்த்துப் பார்க்க எனக்கு இன்னும் பழகவில்லை. ஆண்டுகளை மற்றவர்கள்போல எண்ணவும் என்னால் முடிவதில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை என்னைவிட்டுத் தூரம் போகவே இல்லை.

போன மாதம் ஆசிரியர் வேலைக்கு ஒரு நேர்முகப் பரீட்சை என்று அவளை ரயிலில் கூட்டிப்போனேன். பதுளையில் ஏறி எதிரெதிரே ஜன்னலோரம் உட்கார்ந்தோம். காலையில் சீக்கிரம் எழுந்து படித்த களைப்பு. வண்டி மேட்டில் ஏறத் தொடங்கியதும் அவள் தலை ஜன்னல் சட்டத்தில் சாய்ந்தது. கொஞ்ச நேரத்தில் தூங்கிவிட்டாள்.

தூக்கத்தில் அவள் வாய் தானாகத் திறந்துகொண்டது.

ஆறு வயதுக்குப் பிறகு அவள் வாய் திறந்து தூங்கி நான் பார்த்ததில்லை. கீழ்வரிசைப் பற்கள் தெரிந்தன, நாக்கு தெரிந்தது. மூச்சு சின்னதாகச் சத்தம் போட்டுக்கொண்டு போய் வந்தது. என் பக்கத்தில் இருந்த ஒரு சிங்களப் பெண் அதைப் பார்த்துச் சிரித்தாள். நானும் சிரிக்க முயன்றேன். தேயிலை மலைகள் ஜன்னலில் திரும்பித் திரும்பி வந்தன. அவள் கன்னத்தில் விழுந்திருந்த முடியை ஒதுக்கிவிடலாம் என்று தோன்றியது. கை பாதி தூரம் போனது. பிறகு அதை என் மடியிலேயே வைத்துக்கொண்டேன். இறங்கும் இடம் வரும்வரை அவள் விழிக்கவில்லை.